முக்கால்

ராத்திரி ஷிஃப்ட். கூண்டில் நாற்பது பேர்.
முப்பத்தெட்டுப் பேர் நிக்கலுக்கு,
நானும் இன்னொருத்தனும்
இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றுக்கு.

காது அடைக்கிறது, எச்சில் விழுங்குகிறோம்.
மேலே சட்பரியில் மைனஸ் இருபத்தாறு;
இரண்டு கிலோமீட்டர் கீழே
தொட்டால் பாறை, காய்ச்சல்காரன் நெற்றி.
அவர்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம்.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.
பூட்ஸைக் கழுவு. தலைவிளக்கைக் கழற்று.
வீட்டில் குளித்துவிட்டு வந்தவளை
மறுபடி குளி என்கிறது விதி:
முடியில் ஒட்டிய தூசு ஒன்று போதும்,
நான்தான் அது என்று பொய் சொல்ல.
தூசு என்ன, என் தசையிலேயே
பொட்டாசியம் கதிர் வீசுகிறது.
அதனால்தான் எனக்கும் ஜாடிக்கும் நடுவில்
அத்தனை தண்ணீர்.

அந்த ஜாடி:
கொதிக்க வேண்டிய சூட்டில்
கொதிக்காமல் நிற்கும் திரவம்,
சொல்ல வந்ததை நாக்கு நுனியில்
நிறுத்திக்கொண்டவள் மாதிரி.
ஏதோ ஒன்று ஓர் அணுக்கருவை இடித்தால்
ஒரு குமிழி.

சத்தமாக வெடித்தால் ரேடான்.
மூன்றும் நான்குமாக வந்தால் நியூட்ரான்,
குடும்பத்தோடு வரும் விருந்தாளி.
நாங்கள் காத்திருப்பது
தட்டலாமா வேண்டாமா என்று
நினைத்தபடியே தட்டும் ஒற்றை விரலுக்கு.

ஆனால் ஒலியை நாங்கள் கேட்பதில்லை.
மைக்ரோஃபோன் கேட்டதையெல்லாம்
பதினோரு மாதம் கணினியில் பூட்டி வைக்கிறோம்.
ஆசைக்குக் காது உண்டு;
வேண்டியதைக் கேட்டுவிடும்.

விடிந்ததும் மேலே ஏறும்போது
வெய்க்கோ தினமும் விசாரிப்பான்:
"என்ன ஒடெட், மாட்டிச்சா?"
"இல்லை."
"சரி."

பிப்ரவரி ஒன்பது, மூன்று பதினேழு.
படத்தில் ஒரு குமிழி. நட்டநடுவே.
குண்டூசித் தலை, பிறகு மிளகு, பிறகு
அழுத்தம் ஏறி அதை இல்லாமலாக்கியது.
நான் நாற்காலியில் அசையவில்லை.
அசைந்தால் என்ன ஆகிவிடும்?
ஒன்றும் ஆகாது. இருந்தாலும்.
பதிவேட்டில் எழுதினேன்: ஒற்றை. நடு.
அழகு என்றும் எழுதி
அடித்தேன்.

அன்று என் "இல்லை"
அரை நொடி பிந்தி வந்தது.
வெய்க்கோ திரும்பிப் பார்த்தான்.
ஞாயிறுதோறும் உறைந்த ஏரியில் துளைபோட்டு
வாளியைக் கவிழ்த்து உட்காருகிறவன்.
நூல் துடித்ததை வெளியே சொல்லாத முகம்
அவனுக்குத் தெரியும்.
"சரி" என்றான்.

டிசம்பரில் பூட்டைத் திறந்தோம்.
ஹெட்போனில்
டிக்.
அவ்வளவு மென்மை. என் குமிழிதான்.

கணக்கு முன்பே எழுதி வைத்திருந்தது:
உலகில் புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும்
கண்ணாடியிலிருந்து, போல்ட்டிலிருந்து, பாறையிலிருந்து
அப்படி ஒன்று வரலாம்;
பதினோரு மாதத்துக்குச் சராசரி, முக்கால் குமிழி.
முக்கால் எதிர்பார்த்தோம்.
ஒன்று வந்தது.
மிச்சம் கால்.
கால் குமிழியைக் கையில் வைத்துக்கொண்டு
வானத்தைப் பற்றிப் பேச முடியாது.

கட்டுரையில் ஒரு வளைகோடு
நூலளவு கீழே இறங்கியது.
அதற்கு ஒருநாள் கேக் வெட்டினோம்.

"மாட்டிச்சா?"
"இந்த எடையில், இவ்வளவு பலமா இடிக்கிற மீன்
இந்த ஏரியில இல்லை."
வெய்க்கோ யோசித்தான்.
மற்றவர்கள் சிரிப்பார்கள்; அவன் சிரிக்கவில்லை.
"இதைச் சொல்ல ஒரு வருஷமா?"
"ஆமா."
"பரவாயில்லை. எனக்கு அந்த வடக்கு வளைவுக்கு
மூணு குளிர்காலம் ஆச்சு.
இனி என்ன?"
"இன்னும் பெரிய ஜாடி."
"எவ்ளோ பெரிசு?"

கையை விரித்துக் காட்டினேன்.
நெரிசலில் யாரோ ஒருவர் தோளில் முட்டி இடித்தது.
மன்னிப்புக் கேட்டேன்.

கூண்டு ஏறிக்கொண்டிருந்தது.
நாற்பது பேரையும், ஈரக் கோட்டுகளையும்,
வெய்க்கோவின் காலித் தெர்மாஸையும்
அது, இருந்தால்,
அந்த நொடியிலும் கடந்துபோனது,
யார் மேலும் படாமல்.